ஃபார்மட் அடிக்கும் முன்: கெட்டுப்போன விண்டோஸை பென்டிரைவ் வைத்து மீட்ட அனுபவம்

கம்ப்யூட்டர் உள்ளே போக மாட்டேன் என்கிறது என்று சர்வீஸுக்குக் கொண்டுபோனால், பெட்டியைத் திறக்கும் முன்பே பதில் வந்துவிடும்: "ஓஎஸ் போட்டுடலாம்." சி டிரைவை அழித்துப் புது விண்டோஸ் ஏற்றி மாலைக்குள் கையில் கொடுத்துவிடுவார்கள். படம் பார்க்கவும் பாட்டுக் கேட்கவும் வைத்திருக்கும் கம்ப்யூட்டர் என்றால் அதில் பெரிய நஷ்டம் இல்லை. அச்சகத்துக் கம்ப்யூட்டர் கதை வேறு.

சிவகாசியில் அச்சகங்களுக்கும் டிடிபி சென்டர்களுக்கும் கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்வது என் தொழில். ஒரு டிசைனிங் மிஷினுக்குள் என்னென்ன இருக்கும் என்று வெளியில் இருப்பவர்களுக்குத் தெரியாது. பேஜ்மேக்கரில் போட்ட பழைய லேஅவுட், வானவில், ஸ்ரீலிபி என்று வருடக்கணக்காகச் சேர்ந்த எழுத்துருக்கள், அச்சடிக்கும் பிளேட்டை எடுக்கும் சிடிபி மிஷினுக்கு டிசைனை மாற்றித் தரும் ரிப் மென்பொருள், அதைத் திறக்கப் பின்னால் செருகிய டாங்கிள், கலர் செட்டிங்ஸ், பிரின்டர் புரொஃபைல். இவற்றில் பாதிக்கு இன்ஸ்டால் செய்த சிடி இருக்காது. விற்ற ஆளைத் தேடினால் தொழிலையே விட்டிருப்பார். அந்த மிஷினை ஃபார்மட் அடித்தால் விண்டோஸ் ஒரு மணி நேரத்தில் வந்துவிடும், வேலை மட்டும் வராது.

அதனால்தான் இதை எழுதுகிறேன். விண்டோஸ் கெட்டுவிட்டது என்று நாம் சொல்லும்போது, லட்சத்துக்கும் மேற்பட்ட கோப்புகளில் சில கோப்புகள்தான் பெரும்பாலும் கெட்டிருக்கும். அவற்றின் அசல் இன்ஸ்டலேஷன் பென்டிரைவில் அப்படியே இருக்கிறது. எது கெட்டது என்று கண்டுபிடித்து, பொருத்தமான அசலை எடுத்து, அதனதன் இடத்தில் வைத்தால் மிஷின் எழுந்து உட்காரும். "பொருத்தமான" என்ற சொல்லில்தான் வேலையே இருக்கிறது. பலரும் தடுக்கி விழுவதும் அங்கேதான்.

2023 ஆடிக்குப் பிறகு நடந்தது இது. ஆடிப்பெருக்கன்று அடுத்த வருடத்துக்கான காலண்டர் ஆல்பம் வெளியானால், அதன்பிறகு சிவகாசியில் யாருக்கும் மூச்சுவிட நேரம் இருக்காது. அப்படியொரு நேரத்தில் தெரிந்த அச்சகத்து அண்ணாச்சி காலையிலேயே போன் செய்தார்.

"தம்பி, டிசைன் மிஷின் சுத்திக்கிட்டே இருக்கு, உள்ள போக மாட்டேங்குது. நேத்து அப்டேட் ஓடிக்கிட்டு இருக்கும்போது கரண்டு போயிருச்சு."

"யுபிஎஸ் இருக்குல்ல அண்ணாச்சி?"

"இருக்கு. பேட்டரிதான் நிக்க மாட்டேங்குது."

போய்ப் பார்த்தேன். விண்டோஸ் 10 புரோ. ஆன் செய்தால் 'ஆட்டோமேட்டிக் ரிப்பேர் தயாராகிறது' என்று வரும், கொஞ்ச நேரம் புள்ளிகள் சுற்றும், 'உங்கள் பிசியைச் சரிசெய்ய முடியவில்லை' என்று நீலத் திரையில் நிற்கும். மறுபடி ஆன் செய்தால் மறுபடி அதே. டிசைனிங் பார்க்கும் அக்கா பக்கத்தில் நின்று கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "ஃபைலெல்லாம் இருக்குமா?"

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் ரிப்பேரைத் தொடக்கூடாது. எந்தக் கட்டளையையும் அடிக்கும் முன் டேட்டாவை வெளியே எடுத்து வைப்பது முதல் வேலை. அதற்கு டிஸ்கைக் கழற்றக்கூடத் தேவையில்லை. இன்ஸ்டலேஷன் பென்டிரைவில் பூட் செய்து, அதாவது மிஷினை அதிலிருந்தே தொடங்கி, மொழி கேட்கும் முதல் திரையில் ஷிஃப்டும் எஃப்10-உம் சேர்த்து அழுத்தினால் கட்டளை அடிக்கும் கமாண்ட் பிராம்ப்ட் திறக்கும். அதில் நோட்பேட் என்று அடித்தால் நோட்பேட் வரும். ஃபைல் மெனுவில் ஓப்பன் கொடுத்து, கீழே 'ஆல் ஃபைல்ஸ்' என்று மாற்றினால் அந்தச் சின்னப் பெட்டிக்குள்ளேயே எல்லா டிரைவும் தெரியும். வேண்டிய ஃபோல்டரை ரைட் கிளிக் செய்து காப்பி எடுத்து, செருகியிருக்கும் வெளி ஹார்ட் டிஸ்கில் பேஸ்ட் செய்யலாம். பெரிய ஃபோல்டர் என்றால் ரோபோகாப்பி கட்டளை நல்லது, நடுவில் நின்றாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். டெஸ்க்டாப், டாக்குமெண்ட்ஸ், எழுத்துரு ஃபோல்டர், ரிப் மென்பொருளின் செட்டிங்ஸ் எல்லாம் வெளியே வந்தபிறகுதான் அக்கா போய்த் தண்ணீர் குடித்தார்.

இரண்டாவது வேலை, கோப்பு ஏன் கெட்டது என்று பார்ப்பது. இதைத் தாண்டிப் போகிறவர்கள்தான் அதிகம், அவர்களுடைய மிஷின்தான் அடுத்த மாதமே திரும்பி வரும். கரண்ட் போனது ஒரு காரணம். டிஸ்கில் கெட்ட செக்டர் இருக்கலாம், ரேம் பழுதாக இருந்து தப்புத் தப்பாக எழுதியிருக்கலாம், சிஸ்டத்தைச் சுத்தம் செய்கிறேன் என்று யாரோ போட்ட 'கிளீனர்' மென்பொருள் வேண்டியதையும் சேர்த்து அழித்திருக்கலாம், வைரஸாகவும் இருக்கலாம். டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்து வைக்கும் ஸ்மார்ட் தகவலில் 'ரீஅலோகேட்டட் செக்டர்', 'கரண்ட் பெண்டிங் செக்டர்' என்று இரண்டு வரிகள் இருக்கும். அந்த எண்கள் ஏறிக்கொண்டே போனால் விண்டோஸைச் சரிசெய்து பயனில்லை, டிஸ்கை மாற்ற வேண்டும். அப்படிப்பட்ட டிஸ்கில் 'செக்டிஸ்க் /ஆர்' கொடுக்கவே கூடாது என்பது என் கருத்து. மூலை முடுக்கெல்லாம் படிக்க வைத்து, மிச்சமிருக்கும் உயிரையும் எடுத்துவிடும். ரேமுக்கு மெம்டெஸ்ட்86 போட்டு ஒரு சுற்றாவது ஓடவிடுவேன். அண்ணாச்சி மிஷினில் இரண்டும் நன்றாக இருந்தன. எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனதுதான் காரணம் என்று நம்ப இடம் இருந்தது.

ஆட்டோமேட்டிக் ரிப்பேர் தோற்றுப்போகும்போது ஏன் தோற்றது என்று ஒரு குறிப்பு எழுதி வைக்கும். விண்டோஸ் ஃபோல்டருக்குள் சிஸ்டம்32, அதற்குள் லாக்ஃபைல்ஸ், அதற்குள் எஸ்ஆர்டி என்ற ஃபோல்டரில் எஸ்ஆர்டிடிரெயில் என்ற டெக்ஸ்ட் ஃபைல். நோட்பேடில் திறந்தால் என்னென்ன சோதித்தது என்று வரிசையாக இருக்கும். அண்ணாச்சி மிஷினில் கடைசிப் பகுதியில், பூட் ஆகத் தேவையான ஒரு டிரைவர் கோப்பு கெட்டிருக்கிறது என்று முழுப் பாதையோடு எழுதியிருந்தது. எந்தப் பெயர் என்பது இங்கே முக்கியமில்லை, அது விண்டோஸோடு வருகிற கோப்பு என்பதுதான் முக்கியம். வெளி மென்பொருள் போட்ட டிரைவராக இருந்தால் இன்ஸ்டலேஷன் பென்டிரைவில் அதற்கு அசல் கிடையாது, அங்கே வழி வேறு. இந்த ஒரு வரியைப் படிக்காமல் மணிக்கணக்கில் கட்டளை அடித்துக்கொண்டிருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இனி, விண்டோஸ் தன்னைத்தானே சரிசெய்துகொள்ளும் விதம். விஸ்டாவிலிருந்து விண்டோஸ் ஃபோல்டருக்குள் வின்எஸ்எக்ஸ்எஸ் என்று ஒரு களஞ்சியம் இருக்கிறது. சிஸ்டம் கோப்புகளின் அசல் வடிவம் எல்லாம் அதில்தான். எஸ்எஃப்சி (சிஸ்டம் ஃபைல் செக்கர்) என்ற கட்டளை ஒவ்வொரு சிஸ்டம் கோப்பையும் சோதித்து, மாறியிருந்தால் அங்கிருந்து எடுத்து வைக்கும். அந்தக் களஞ்சியமே கெட்டிருந்தால் எஸ்எஃப்சியால் ஒன்றும் செய்ய முடியாது, 'கெட்ட கோப்புகள் உள்ளன, சிலவற்றைச் சரிசெய்ய இயலவில்லை' என்று சொல்லி நின்றுவிடும். அப்போது களஞ்சியத்தைச் சரிசெய்ய டிஸ்ம் என்ற இன்னொரு கட்டளை வேண்டும். டிஸ்முக்கு அசல் எங்கிருந்தாவது கிடைக்க வேண்டும், ஒன்று இணையத்தில் விண்டோஸ் அப்டேட், இல்லையென்றால் இன்ஸ்டலேஷன் மீடியா. அண்ணாச்சிக்கு இப்படிச் சொன்னேன்: பிரின்ட் கெட்டால் பிளேட்டை வைத்து மறுபடி அடிக்கலாம், பிளேட்டே கீறிப்போனால் ஒரிஜினல் ஃபைலுக்குப் போய்ப் புதுப் பிளேட் எடுக்க வேண்டும். அவருக்கு உடனே பிடிபட்டுவிட்டது. "அப்போ மொதல்ல பிளேட்டு, அப்புறம்தான் பிரின்ட்டு" என்றார். டிஸ்ம் முதலில், எஸ்எஃப்சி பிறகு என்ற வரிசையை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

இன்னொன்றும் தெரிந்துகொள்ள வேண்டும். சிஸ்டம்32-இல் இருக்கும் பல கோப்புகளும் களஞ்சியத்தில் இருக்கும் அவற்றின் அசலும் டிஸ்கில் தனித்தனியாக இல்லை. ஒரே தரவுக்கு இரண்டு பெயர், ஹார்ட் லிங்க் என்பார்கள். இடம் மிச்சமாகும் என்று செய்த ஏற்பாடு. ஆனால் அந்தத் தரவு இருக்கும் இடத்தில் அடிபட்டால் இரண்டும் சேர்ந்தே போகும். எஸ்எஃப்சி மட்டும் ஓட்டிவிட்டு "வேலைக்கு ஆகலை" என்று கைவிடுவது அதனால்தான் தப்பு.

பென்டிரைவ் தயாரிப்பதற்கு வருவோம். நன்றாக ஓடும் வேறொரு கம்ப்யூட்டரில் மைக்ரோசாப்ட் தளத்திலிருந்து மீடியா கிரியேஷன் டூலை இறக்கி, குறைந்தது 8 ஜிபி பென்டிரைவில் எழுதினால் போதும். அதிலிருப்பது எல்லாம் அழிந்துவிடும் என்பதால் காலி பென்டிரைவ் எடுங்கள். தெரியாத தளங்களில் கிடைக்கும் 'ஆல் இன் ஒன்', 'லைட்' பதிப்புகள் வேண்டவே வேண்டாம். அசல் எடுக்கப் போகும் இடமே கலப்படமாக இருந்தால் ரிப்பேருக்கு அர்த்தம் இல்லை.

நாலு விஷயம் பொருந்த வேண்டும்: விண்டோஸ் 10-ஆ 11-ஆ என்பதோடு அதன் பதிப்பு எண், ஹோமா புரோவா, 64 பிட்டா 32 பிட்டா, மொழி. மொழியில் ஆங்கிலமே இரண்டு வகையாக வரும், அமெரிக்க ஆங்கிலம் ஒன்று, 'இங்கிலீஷ் இன்டர்நேஷனல்' ஒன்று. மிஷினில் ஒன்று, பென்டிரைவில் இன்னொன்று என்றால் மொழி சார்ந்த கோப்புகளுக்கு டிஸ்ம் 'அசல் கிடைக்கவில்லை' என்றே சொல்லும். இது நேற்று வந்த தொல்லை இல்லை. எக்ஸ்பி காலத்தில் எஸ்எஃப்சி ஓட்டினால் 'எக்ஸ்பி சிடியைச் செருகு' என்று கேட்கும். 2008-இல் வந்த சர்வீஸ் பேக் 3 ஏற்றிய மிஷினில் பழைய சிடியைக் கொடுத்தால் ஏற்காது, சர்வீஸ் பேக்கையும் சேர்த்து எழுதிய சிடி தனியாகத் தயாரிக்க வேண்டியிருந்தது. மீடியம் சிடியிலிருந்து பென்டிரைவுக்கு மாறியிருக்கிறது, விதி அதேதான்.

பென்டிரைவுக்குள் சோர்சஸ் என்ற ஃபோல்டரில் இன்ஸ்டால் என்ற பெயரில் ஒரு பெரிய கோப்பு இருக்கும். விண்டோஸ் முழுவதும் அதற்குள்தான். மீடியா முழுவதையும் ஐஎஸ்ஓ என்ற ஒரே கோப்பாக இறக்கினால் அது பெரும்பாலும் விம் வகை, மீடியா கிரியேஷன் டூலில் செய்தால் இன்னும் இறுக்கிச் சுருக்கிய ஈஎஸ்டி வகை. பென்டிரைவின் ஃபேட்32 அமைப்பில் 4 ஜிபிக்கு மேல் ஒரு கோப்பு நிற்காது என்பது நினைவிருக்கட்டும், பெரிய விம் கோப்பை நேராகக் காப்பி செய்யப் பார்த்தால் அங்கே முட்டும். ஈஎஸ்டியாக இருந்தால் டிஸ்மின் 'எக்ஸ்போர்ட்-இமேஜ்' கட்டளையால் வேண்டிய எடிஷனை மட்டும் விம் ஆக மாற்றி வெளி டிஸ்கில் வைத்துக்கொள்வேன். பாதி வழியில் மொரண்டு பிடிப்பது குறைகிறது. அந்த ஒரு கோப்புக்குள் ஹோம், புரோ, எஜுகேஷன் என்று பல எடிஷன்கள் எண் போட்டு இருக்கும். டிஸ்மில் 'கெட்-விம்இன்ஃபோ' கொடுத்து, நமக்கு வேண்டியது எத்தனையாவது எண் என்று பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். எல்லா மீடியாவிலும் ஒரே எண் இருக்காது.

அண்ணாச்சி மிஷினில் பென்டிரைவைச் செருகி, ஆன் செய்து, பூட் மெனுவில் அதைத் தேர்ந்தெடுத்தேன். மொழித் திரை தாண்டியதும் நடுவில் பெரிதாக 'இன்ஸ்டால் நவ்' என்று வரும். அதைத் தொடக்கூடாது. இடது கீழ் மூலையில் சின்ன எழுத்தில் 'ரிப்பேர் யுவர் கம்ப்யூட்டர்' என்று இருக்கும், அதைத் தொட்டு, டிரபிள்ஷூட், பிறகு கமாண்ட் பிராம்ப்ட்.

இங்கே டிரைவ் எழுத்துகள் இடம் மாறும். பிராம்ப்டில் எக்ஸ் என்று காட்டுவது பென்டிரைவிலிருந்து ரேமுக்குள் ஏற்றிய தற்காலிக விண்டோஸ். நம் சி டிரைவ், டி ஆகவோ ஈ ஆகவோ தெரியலாம். டிஸ்க்பார்ட் என்று அடித்து 'லிஸ்ட் வால்யூம்' கொடுத்தால் எல்லா டிரைவும் அளவோடு வரும். 'எக்ஸிட்' கொடுத்து வெளியே வந்து, 'டிர் டி:' என்பதுபோல் ஒவ்வொன்றாகத் திறந்து, விண்டோஸ் ஃபோல்டரும் யூசர்ஸ் ஃபோல்டரும் எதில் இருக்கின்றன என்று கண்ணால் பார்த்துத் தாளில் எழுதிக்கொள்ள வேண்டும். எனக்கு அன்று விண்டோஸ் டி, பென்டிரைவ் எஃப், வெளி டிஸ்க் ஜி.

இந்த இடத்தில் பலரும் பழக்கத்தில் 'எஸ்எஃப்சி /ஸ்கேன்நவ்' என்று மட்டும் அடிப்பார்கள். 'ஒரு ரிப்பேர் பாக்கி இருக்கிறது, ரீஸ்டார்ட் செய்துவிட்டு வா' என்று பதில் வரும். ரீஸ்டார்ட் செய்து வந்தாலும் அதே பதில்தான். எந்த விண்டோஸைச் சரிசெய்ய வேண்டும் என்று சொல்லாததால் வருகிற குழப்பம் அது. வெளியிலிருந்து சரிசெய்யும்போது 'ஆஃப்பூட்டிர்', 'ஆஃப்வின்டிர்' என்ற இரண்டு ஸ்விட்சுகளையும் சேர்க்க வேண்டும்.

நான் போன வரிசை இது. முதலில் 'செக்டிஸ்க் டி: /எஃப்'. கோப்பு அமைப்பிலேயே கோளாறு இருந்தால் அதன்மேல் என்ன செய்தாலும் நிற்காது. அடுத்து, பாதியில் நின்ற அப்டேட்டைத் திரும்பப் பெற 'டிஸ்ம் /இமேஜ்:டி:\ /கிளீனப்-இமேஜ் /ரிவர்ட்பெண்டிங்ஆக்‌ஷன்ஸ்'. அப்டேட் நடுவில் கரண்ட் போன மிஷின்களில் பல நேரம் இந்த ஒன்றிலேயே காரியம் முடிந்துவிடும். இங்கே முடியவில்லை, ரீஸ்டார்ட் செய்தும் பழைய நீலத் திரைதான். மறுபடி பென்டிரைவ்.

அடுத்தது முக்கியக் கட்டளை: 'டிஸ்ம் /இமேஜ்:டி:\ /கிளீனப்-இமேஜ் /ரெஸ்டோர்ஹெல்த் /சோர்ஸ்:விம்:ஜி:\இன்ஸ்டால்.விம்:1 /லிமிட்அக்சஸ் /ஸ்கிராட்ச்டிர்:டி:\ஸ்கிராட்ச்'. கடைசித் துண்டை விட்டுவிடாதீர்கள். டிஸ்முக்கு வேலை செய்யத் தற்காலிக இடம் வேண்டும், எக்ஸ் டிரைவில் அது மிகக் குறைவு, இடம் போதவில்லை என்று பாதியில் நிற்கும். முன்கூட்டியே டி டிரைவில் ஒரு காலி ஃபோல்டர் உண்டாக்கி அதைக் காட்டிவிட வேண்டும். லிமிட்அக்சஸ் என்பது இணையத்துக்குப் போகாதே, கொடுத்த இடத்தில் மட்டும் தேடு என்று சொல்வது. சதவீதம் ஓர் இடத்தில் நெடுநேரம் அசையாமல் நிற்கும். 62.3 சதவீதத்தில் நிற்பதைப் பலர் பார்த்திருப்பார்கள். டிஸ்க் விளக்கு மினுங்கிக்கொண்டிருக்கும்வரை பொறுமையாக விடுங்கள், அவசரப்பட்டு மூடுவதுதான் ஆபத்து.

நூறு வரை போய், 0எக்ஸ்800எஃப்081எஃப் என்ற பிழை வந்தது. 'அசல் கோப்புகள் கிடைக்கவில்லை' என்று பொருள். எடிஷன் சரி, மொழி சரி, 64 பிட் சரி. பிறகு ஏன்?

பதில், டிஸ்ம் தன் வேலையைக் குறித்து வைக்கும் லாக் கோப்பில் இருந்தது. டிஸ்ம் தேடிய பாகத்தின் பதிப்பு எண், பென்டிரைவில் இருந்ததைவிடப் புதியது. இதைப் புரிந்துகொள்ள வேண்டும். மைக்ரோசாப்ட் தரும் மீடியா ஒரு குறிப்பிட்ட தேதியில் எடுத்த படம். மிஷினோ ஒவ்வொரு மாதமும் அப்டேட் வாங்கிக்கொண்டே வந்திருக்கிறது. கெட்ட கோப்பு, போன மாத அப்டேட்டில் வந்த கோப்பு என்றால் அதன் அசல் பழைய மீடியாவில் எப்படி இருக்கும்? பெரிய பதிப்பு எண் பொருந்தினால் மட்டும் போதாது, அதன் பின்னால் புள்ளி வைத்து வரும் சின்ன எண்ணும் கணக்கில் வரும். டிஸ்ம் வேலை தொடங்கும்போது 'இமேஜ் வெர்ஷன்' என்று ஒரு வரி காட்டும், அதில் 19045 என்ற எண்ணுக்குப் பிறகு வருவது அந்தச் சின்ன எண்தான்.

மிஷின் ஓடும் நிலையில் இருந்தால் இணையத்திலிருந்தே எடுத்துக்கொள்ளும், சோர்ஸே கொடுக்க வேண்டாம். ஓடாத மிஷினுக்கு அந்த வசதி இல்லை. அப்போதுதான் பில் போடும் மேஜையைத் திரும்பிப் பார்த்தேன். அங்கே இருந்த கம்ப்யூட்டரும் இதோடு சேர்த்து வாங்கியது, அதே விண்டோஸ் 10 புரோ. ஸ்டார்ட் மெனுவில் வின்வெர் என்று அடித்துப் பார்த்ததில் சின்ன எண்ணும் ஒத்துப்போனது, அந்த மாத அப்டேட் அதில் இன்னும் ஏறவில்லை. டிஸ்முக்கு விம் கோப்புதான் வேண்டும் என்று கட்டாயம் இல்லை, வேறொரு நல்ல விண்டோஸ் ஃபோல்டரையும் அசலாகக் காட்டலாம். அண்ணாச்சியிடம் கேட்டு, பில்லிங் மிஷினை முறையாக ஷட்டவுன் செய்து, அதன் எஸ்எஸ்டியைக் கழற்றி யுஎஸ்பி கேபிளில் மாட்டினேன். புது டிரைவ் வந்ததால் மறுபடி டிஸ்க்பார்ட், மறுபடி எழுத்துகளைச் சரிபார்த்தல். அந்த எஸ்எஸ்டி எச். இப்போது சோர்ஸ் இருந்த இடத்தில் 'எச்:\விண்டோஸ்' என்று கொடுத்தேன். எச் எங்கே, டி எங்கே என்று இரண்டு முறை பார்த்துவிட்டு என்டர் தட்டுங்கள், இங்கே எழுத்து மாறினால் நல்ல மிஷினில் கை வைத்துவிடுவோம்.

இந்த முறை டிஸ்ம் 'ரெஸ்டோர் வெற்றி' என்று முடித்தது. உடனே 'எஸ்எஃப்சி /ஸ்கேன்நவ் /ஆஃப்பூட்டிர்=டி:\ /ஆஃப்வின்டிர்=டி:\விண்டோஸ்'. கெட்ட கோப்புகள் கண்டறியப்பட்டுச் சரிசெய்யப்பட்டன என்று வந்தது. பென்டிரைவைப் பிடுங்கி ரீஸ்டார்ட் செய்தேன். உள்நுழைவுத் திரை வந்தது. பாஸ்வேர்டு போட்டதும் அக்கா வைத்திருந்த வால்பேப்பரும், டெஸ்க்டாப்பில் அடுக்கிய காலண்டர் ஃபோல்டர்களும் போட்டது போட்டபடி இருந்தன. ரிப் மென்பொருள் டாங்கிளைக் கண்டுகொண்டது. மதியத்துக்கெல்லாம் பிளேட் போட ஆரம்பித்துவிட்டார்கள்.

எழுந்துவிட்டது என்று அப்படியே விட்டுவிட்டு வரக்கூடாது. இணையத்தை இணைத்து 'டிஸ்ம் /ஆன்லைன் /கிளீனப்-இமேஜ் /ரெஸ்டோர்ஹெல்த்' ஒருமுறை, அதன்பின் சாதாரண எஸ்எஃப்சி ஒருமுறை, இரண்டும் சுத்தமாக முடிந்தால் நின்றுபோன அப்டேட்டை மறுபடி ஓடவிட வேண்டும். அதற்கு முன்னால் யுபிஎஸ் பேட்டரியை மாற்றச் சொன்னேன். அண்ணாச்சி அன்றைக்கே ஆள் அனுப்பி வாங்கி வந்தார்.

சிலர் கேட்பார்கள், கெட்டது ஒரே ஒரு கோப்பு என்று தெரிந்தபிறகு அதை மட்டும் நல்ல மிஷினிலிருந்து காப்பி செய்து வைத்தால் என்ன என்று. உயிர் போகும் அவசரத்தில் அதையும் செய்யலாம், மிஷின் எழும்பும். ஆனால் களஞ்சியம் கெட்டபடியேதான் இருக்கும், அடுத்த அப்டேட்டில் மறுபடி கவிழும். எழுந்தபிறகு டிஸ்ம் ஓட்டத்தான் வேண்டும்.

எஸ்எஃப்சி சொல்வதை எல்லாம் வேதவாக்காக எடுத்துக்கொள்ளவும் வேண்டாம். 2019 ஜூலையில், விண்டோஸோடு வரும் வைரஸ் தடுப்பான டிஃபெண்டருக்கு வந்த ஓர் அப்டேட்டுக்குப் பிறகு, நன்றாக இருந்த மிஷின்களில்கூட டிஃபெண்டரின் பவர்ஷெல் கோப்புகள் கெட்டுவிட்டன, சரிசெய்ய இயலவில்லை என்று எஸ்எஃப்சி காட்ட ஆரம்பித்தது. மைக்ரோசாப்டே அதை ஒப்புக்கொண்டது. அந்த நேரத்தில் அந்தச் செய்தியைப் பார்த்துப் பயந்து ஃபார்மட் அடித்தவர்கள் உண்டு. எஸ்எஃப்சி குறிப்பு எழுதும் இடம்: விண்டோஸ் ஃபோல்டரில் லாக்ஸ், அதற்குள் சிபிஎஸ், அங்கே சிபிஎஸ்.லாக். அதைத் திறந்து 'எஸ்ஆர்' என்று சதுர அடைப்புக்குள் வரும் வரிகளை மட்டும் தேடினால் எந்தக் கோப்பு என்று பெயர் தெரியும். பெயர் தெரிந்தால் பாதி பயம் போய்விடும்.

லேப்டாப்பில் இதைச் செய்யப்போகிறவர்கள் ஒன்றை முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். இப்போது வரும் பல லேப்டாப்களில் மைக்ரோசாப்ட் அக்கவுண்டில் நுழைந்ததுமே டிஸ்க் பூட்டப்பட்டுவிடுகிறது, உரிமையாளருக்கே தெரியாது. பென்டிரைவில் பூட் செய்து கமாண்ட் பிராம்ப்டுக்குப் போனால் 48 இலக்க பிட்லாக்கர் ரெக்கவரி கீ கேட்கும். அது இல்லாமல் ஒரு கோப்பைக்கூடப் படிக்க முடியாது. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு மென்பொருளின் அப்டேட் ஒன்றால் உலகம் முழுக்கச் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் நீலத் திரையில் நின்றபோது, செய்ய வேண்டிய வேலை ஒரு கோப்பை அழிப்பது மட்டுமே. ஆனால் பல அலுவலகங்களில் அந்தக் கீயைத் தேடித்தான் நேரம் போனது. உங்கள் மைக்ரோசாப்ட் அக்கவுண்டில் நுழைந்து, டிவைசஸ் பகுதியில் கீ இருக்கிறதா என்று இன்றைக்கே பார்த்து, ஒரு தாளில் எழுதிப் பத்திரப்படுத்துங்கள். மிஷின் படுத்தபிறகு தேடினால், அக்கவுண்டின் பாஸ்வேர்டும் மறந்துபோயிருக்கும்.

விண்டோஸ் உள்ளே போகிறது, ஆனால் செட்டிங்ஸ் திறக்கவில்லை, அப்டேட் ஏறவில்லை, ஸ்டார்ட் மெனு வேலை செய்யவில்லை என்ற நிலையா? அப்போது இவ்வளவு சுற்றுவழி வேண்டாம். விண்டோஸுக்குள் இருந்தபடியே பென்டிரைவைத் திறந்து செட்டப்பை டபுள் கிளிக் செய்யுங்கள். 'பெர்சனல் ஃபைல்ஸ், ஆப்ஸ் இரண்டையும் வைத்திரு' என்ற வரி தேர்வாகியிருக்கிறதா என்று உறுதி செய்துகொண்டு தொடர்ந்தால், மென்பொருள்கள் அப்படியே இருக்க விண்டோஸ் மட்டும் புதிதாகும். அந்த வரி மங்கலாக இருந்து தேர்ந்தெடுக்க முடியவில்லை என்றால் எடிஷனோ மொழியோ பொருந்தவில்லை, அங்கேயே நிறுத்திவிட்டுச் சரியான மீடியாவோடு வாருங்கள். பென்டிரைவில் பூட் செய்து இதைச் செய்ய முடியாது, உள்ளே இருந்துதான் தொடங்க வேண்டும். விண்டோஸ் 11-இன் புதிய பதிப்புகளில் செட்டிங்ஸின் ரெக்கவரி பகுதியிலேயே இணையத்திலிருந்து இதைச் செய்யும் பட்டனும் வந்துவிட்டது.

பழைய ஆட்கள் சொல்லும் ஒரு வழி இப்போது செல்லாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். விண்டோஸின் செட்டிங்ஸ் எல்லாம் பதிவாகியிருக்கும் ரெஜிஸ்ட்ரி கெட்டால் சிஸ்டம்32, கான்ஃபிக் ஃபோல்டருக்குள் இருக்கும் ரெக்பேக்கிலிருந்து காப்பி எடுத்து வை என்பார்கள். விண்டோஸ் 10-இன் 1803 பதிப்பிலிருந்து அங்கே தானாக பேக்கப் எடுப்பதை மைக்ரோசாப்ட் நிறுத்திவிட்டது. கோப்புகள் பெயருக்கு இருக்கும், அளவு பூஜ்யம். பார்க்காமல் அவற்றை எடுத்து மேலே வைத்தால் இருந்ததும் போய்விடும்.

என் பையில் இப்போது விண்டோஸ் 10-க்கு ஒன்று, 11-க்கு ஒன்று என்று பென்டிரைவ் இருக்கிறது. ஒவ்வொன்றின்மேலும் பதிப்பு எண், மொழி, தயாரித்த மாதம் எழுதி ஒட்டியிருக்கிறேன். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது. அதில்தான் ஓடவேண்டிய மென்பொருள்களை வைத்திருக்கும் அச்சகங்கள் இங்கே நிறைய. அவர்கள் ஒரிஜினல் ஐஎஸ்ஓ ஒன்றை இறக்கி டிஸ்கில் பத்திரமாக வைத்துக்கொள்வது நல்லது. மிஷின் நன்றாக ஓடும்போதே முழு டிஸ்கையும் ஓர் இமேஜாக வெளி டிஸ்கில் எடுத்து வைப்பது அதைவிட நல்லது, டாங்கிள் மென்பொருள் இருக்கும் மிஷினுக்கு அது கட்டாயம்.

ஃபார்மட்டே கூடாது என்று நான் சொல்லவில்லை. வைரஸ் உள்ளே ஆழமாகப் புகுந்திருந்தால், குறிப்பாகக் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர் வந்திருந்தால், எந்தக் கோப்பை நம்புவது என்றே தெரியாது. அங்கே டேட்டாவை எடுத்துச் சோதித்துவிட்டு மொத்தமாக அழிப்பதுதான் முறை. டிஸ்க் சாகும் நிலையில் இருந்தாலும் புது டிஸ்கில் புது விண்டோஸ்தான். நல்ல டிஸ்கில், நல்ல ரேமோடு, கரண்ட் போய்ப் படுத்த மிஷின் என்றால், லாக்கைத் திறந்து கோப்பின் பெயரைப் படித்துவிட்டு அப்புறம் முடிவு செய்யுங்கள்.